'முதலில் எதைச் செய்வீர்கள்?': மெட்-சர்ஜ் கேள்வி பதில்

நார்செட், எம்.ஆர்.பி. என்ற நர்ஸ் வேலைக்கான தேர்வுகளுக்குப் படிக்கிறவர்கள் மெட்-சர்ஜ் (மருத்துவ, அறுவை சிகிச்சை நர்சிங்) பாடத்தில் கேட்டவற்றில், திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன். பாதிக்குமேல் 'முதலில் எதைச் செய்வீர்கள்' வகைதான். கொடுத்திருக்கும் நான்கு விடைகளுமே செய்யக்கூடியவையாக இருக்கும். எது முந்தி என்பதில்தான் மார்க் போகிறது.

பி.எஸ்சி. நர்சிங் இறுதியாண்டு மாணவி: அக்கா, ஐ.சி.டி. (நெஞ்சுக்குள் தேங்கிய காற்றையோ நீரையோ வெளியேற்றும் குழாய்) பாட்டிலில் குமிழி வந்தால் நார்மலா, லீக்கா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பாட்டிலின் எந்த அறையில், எப்படி வருகிறது என்று கேள்விக்குள்ளேயே தேடுங்கள். நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்குவது) நோயாளி இருமும்போதும் மூச்சை வெளியே விடும்போதும் வாட்டர் சீல் அறையில் (காற்று திரும்ப உள்ளே போகாமல் தண்ணீர் தடுக்கும் பகுதி) விட்டு விட்டுக் குமிழி வந்தால், நெஞ்சுக்குள் தேங்கிய காற்று வெளியேறுகிறது. அதே அறையில் நிற்காமல் கொப்பளித்துக்கொண்டே இருந்தால் எங்கோ லீக். தண்ணீர் ஊற்றி வைக்கும் சக்‌ஷன் அறையில் மட்டும் மெதுவாகத் தொடர்ந்து குமிழி வருவது நார்மல்.

அப்புறம், வாட்டர் சீலில் தண்ணீர் மட்டம் மூச்சோடு ஏறி இறங்கும். அது நின்றுபோனால் நுரையீரல் நன்றாக விரிந்துவிட்டது என்றும் இருக்கலாம், குழாய் அடைத்துக்கொண்டது என்றும் இருக்கலாம். நோயாளியைப் பார்த்தால்தான் எது என்று தெரியும். மூச்சு எப்படி இருக்கிறது, சாச்சுரேஷன் (இரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) என்ன என்று பார்த்துவிட்டு, அவர் குழாய்மேலேயே படுத்திருக்கிறாரா என்று பாருங்கள். வார்டில் பல நேரம் காரணம் அவ்வளவுதான்.

குழாய் பாட்டிலிலிருந்து கழன்றால், முனையை ஸ்டெரைல் தண்ணீரில் 2 செ.மீ. ஆழத்துக்கு அமிழ்த்த வேண்டும். 'கிளாம்ப் போடு' என்ற விடை ஆசை காட்டும். கிளாம்பைப் போட்டு அப்படியே விட்டால், காற்றுக்கு வெளியேற வழியில்லாமல் அது நுரையீரலையும் இதயத்தையும் அழுத்தும் டென்ஷன் நியூமோதோராக்ஸ் ஆகிவிடும். குழாய் நெஞ்சிலிருந்தே உருவிக்கொண்டு வந்துவிட்டால் கதை வேறு. துளையை உடனே டிரெஸ்ஸிங்கால் மூடி, மூன்று பக்கம் மட்டும் ஒட்டுங்கள். ஒட்டாத பக்கம் காற்று வெளியே போவதற்கு.

ஜி.என்.எம். முடித்தவர்: தீக்காயத்துக்கு எவ்வளவு டிரிப் என்று கணக்கிடும் பார்க்லேண்ட் ஃபார்முலா மனப்பாடம். ஆனாலும் விடை தப்பாகவே வருகிறது சிஸ்டர்.

ஃபார்முலாவில் தப்பு இருக்காது, நேரக்கணக்கில் இருக்கும். 60 கிலோ எடை, 30 சதவீதத் தீக்காயம் என்று வைத்துக்கொள்வோம். 4 மி.லி. × 60 கிலோ × 30 சதவீதம் = 7,200 மி.லி. ரிங்கர் லாக்டேட் (டிரிப்பில் ஏற்றும் திரவம்), 24 மணி நேரத்துக்கு. அதில் பாதி, அதாவது 3,600 மி.லி., முதல் 8 மணி நேரத்தில் போக வேண்டும். அந்த 8 மணி நேரத்தைத் தீப்பட்ட நேரத்திலிருந்து எண்ண வேண்டும், கேஷுவாலிட்டிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. காலை 8 மணிக்குத் தீப்பட்டு 10 மணிக்கு வந்தார் என்றால் கையில் இருப்பது 6 மணி நேரம்தான். மணிக்கு 600 மி.லி. வரும். 3,600-ஐ 8-ஆல் வகுத்த 450-ம் ஆப்ஷனில் காத்திருக்கும், ஏமாறாதீர்கள்.

தோல் சிவந்து மட்டும் இருக்கும் முதல் டிகிரி இடங்களைச் சதவீதத்தில் சேர்க்கக் கூடாது. இப்போது பெரியவர்களுக்கு 4-க்குப் பதில் 2 மி.லி.யில் தொடங்கும் வழக்கமும் இருக்கிறது. கேள்வியில் 2 என்று கொடுத்திருந்தால் அதையே போடுங்கள். போகிற டிரிப் போதுமா என்பதை யூரின் அவுட்புட் சொல்லும். கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி. என்றால் இவருக்குக் குறைந்தது 30 மி.லி.

இன்னொருவர்: இரத்தத்தில் பொட்டாசியம் 7, மிக அதிகமாக இருக்கிறது. கால்சியம் குளுக்கோனேட் பொட்டாசியத்தைக் குறைக்காதே, பிறகு ஏன் அதை முதலில் கொடுக்கிறார்கள்?

குறைக்காது, சரிதான். ஆனால் அந்த நேரத்தில் உயிரைப் பறிக்கப்போவது இதயத் துடிப்புக் கோளாறு. ஈ.சி.ஜி.யில் டி அலை கூர்மையாக உயர்ந்து, க்யூ.ஆர்.எஸ். அகலமாகத் தொடங்கிவிட்டால் காத்திருக்க நேரமில்லை. கால்சியம் சில நிமிடங்களில் இதயத் தசையை நிலைப்படுத்தும். ஆனால் 30 முதல் 60 நிமிடம்தான் தாங்கும். அந்த அவகாசத்தில் இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும். இதிலும் பொட்டாசியம் உடம்புக்குள்தான் இருக்கிறது, இடம் மாறியிருக்கிறது. வெளியேற்ற டயாலிசிஸ் மாதிரி வழி வேண்டும். ஆகவே 'இதயத்தைக் காக்க', 'செல்லுக்குள் அனுப்ப', 'உடலிலிருந்து நீக்க' இவற்றில் எதைக் கேட்கிறார்கள் என்று படியுங்கள்.

பொட்டாசியம் குறைந்தவருக்குப் பொட்டாசியம் குளோரைடை நேரடியாக ஐ.வி. புஷ் கொடுப்பதாக ஒரு விடை இருந்தால், அந்த விடையை யோசிக்காமல் நீக்கிவிடுங்கள். இதயம் நின்றுவிடும். நன்றாகக் கலந்து, மெதுவாக, அதுவும் யூரின் ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்த பிறகுதான்.

மூன்றாமாண்டு மாணவர்: இரத்தம் ஏற்ற ஆரம்பித்து 10 நிமிடத்தில் குளிர் நடுக்கம், இடுப்பு வலி. டாக்டரைக் கூப்பிடுவதா, நிறுத்துவதா?

நிறுத்துங்கள் தம்பி. டாக்டர் வருவதற்குள் ஒவ்வொரு சொட்டும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். கேனுலாவை (இரத்தக்குழாயில் செருகிய சிறு குழாய்) மட்டும் பிடுங்கிவிடாதீர்கள், அந்த வெயின் தேவைப்படும். புது செட் மாட்டி நார்மல் சலைன் போடுங்கள். பழைய செட்டிலேயே சலைன் விட்டால் குழாயில் நிற்கும் இரத்தமும் சேர்ந்து போகும். மிச்சமுள்ள பையும் செட்டும் இரத்த வங்கிக்குப் போக வேண்டும்.

பெயர் போடாத கேள்வி: சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நோயாளிக்குச் சாச்சுரேஷன் 90. ஆக்சிஜனைக் கூட்டணுமா?

வேண்டாம். அவருக்கு இலக்கே 88 முதல் 92 தான். அதற்காக 78-இல் திணறிக்கொண்டு வருகிறவருக்கு 'சி.ஓ.பி.டி. என்பதால் ஆக்சிஜன் கூடாது' என்று குறித்துவிடாதீர்கள். கொடுக்கத்தான் வேண்டும், அளவு தெரிந்து கொடுக்க வென்சுரி மாஸ்க் நல்லது.

இருவர் சேர்ந்து கேட்டது: இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், வார்ஃபரின் இரண்டுக்கும் முறிமருந்து குழம்புகிறது.

ஹெப்பாரினுக்குப் புரோட்டமின் சல்ஃபேட், பார்க்க வேண்டிய உறைதல் பரிசோதனை ஏ.பி.டி.டி. வார்ஃபரினுக்கு வைட்டமின் கே, பார்க்க வேண்டியது ஐ.என்.ஆர். இதை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும், வேறு குறுக்கு வழி இல்லை.

கடைசியாக ஒருவர்: கண் திறப்பு, பேச்சு, அசைவு எதுவுமே இல்லாதவருக்கு ஜி.சி.எஸ். (நினைவு நிலையை அளக்கும் மதிப்பெண்) பூஜ்ஜியம்தானே?

இல்லை, 3. கண், பேச்சு, அசைவு மூன்றுக்கும் தலா 1 குறைந்தபட்சம் உண்டு. மூச்சுக்குழாயில் டியூப் இருந்தால் பேச்சுக்கு எண் போடாமல் 'டி' என்று குறிப்பார்கள். அசைவில், வலிக்குக் கையை அசாதாரணமாக விறைத்து மடக்குவது 3, விறைத்து நீட்டுவது 2.