ஆளில்லாமல் வந்த குதிரை: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அண்மையில் மலேசியாவின் திரெங்கானுவில் நடந்த நெடுந்தூரக் குதிரைச் சவாரி ஒன்றுக்குத் தோழியின் உதவிக்குழுவில் ஒருத்தியாகச் சென்றிருந்தேன். தீவன வாளிகளோடு நாங்கள் காத்திருந்த இடத்தை நோக்கி, முதுகில் ஆளில்லாமல், சேணம் ஒருபக்கம் சரிந்த நிலையில் ஒரு குதிரை ஓடி வந்தது. நானும் உடனிருந்த இருவரும் கைகளை விரித்து வழியை மறித்தோம். அது சட்டெனத் திரும்பிச் செம்பனைத் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டது. பின்னால் வந்த போட்டியாளர் ஒருவர் இறங்கித் தம் குதிரையைப் புல் மேயவிட்டபடி நின்றார். சற்று நேரத்தில் ஓடிய குதிரை தானாகவே அவரருகே வந்தது. நாங்கள் செய்தது தவறா? அவர் இழந்த நேரம் அவருக்குத் திரும்பக் கிடைக்குமா?

ஒரு வாசகி, ஈசூன்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் எழுதிச் சென்ற ஒரு விவரம் இருக்கிறது. அந்தக் குதிரை உங்களை நோக்கித்தான் வந்தது. இத்தகைய போட்டிகளுக்குப் பழகிய குதிரைக்கு, உதவிக்குழு நிற்கும் இடமென்றால் தண்ணீரும் தீவனமும் மற்றக் குதிரைகளும் இருக்கும் இடம் என்பது நன்றாகத் தெரியும். அது வரட்டும் என்று ஒதுங்கி நின்று, வாளியைக் கொஞ்சம் குலுக்கியிருந்தால், பெரும்பாலும் அங்கேயே நின்றிருக்கும். மூவர் கைவிரித்து மறித்ததும், மிரண்டால் ஓடிப் பிழைக்கும் பிராணி செய்வதை அது செய்தது.

குதிரைக்குக் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் அதற்குத் தெரிவதில்லை. ஆகவே, நேராக முகத்தை நோக்கிப் போகாமல், பக்கவாட்டில் தோளை நோக்கி, தாழ்ந்த குரலில் பேசியபடி மெதுவாகப் போக வேண்டும். எட்டிப் பாய்ந்து கடிவாள வாரைப் பற்றுவதைவிட, முதலில் கழுத்தில் கைவைத்து, அந்தக் கையை மெல்ல மேலே நகர்த்தித் தலைக்கயிற்றைப் பிடிப்பது நல்லது. நெடுந்தூரச் சவாரிக்காரர் பலர் கடிவாளத்தோடு தலைக்கயிறு ஒன்றையும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். எதைப் பிடித்தாலும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். நானூறு கிலோ எடையுள்ள ஒன்று மீண்டும் மிரண்டால் விரல்கள் தப்பாது. தொங்கும் வாரைக் குதிரையே மிதித்துவிட்டால் வாய் கிழியும்; சரிந்த சேணம் வயிற்றுக்கடியில் போய்விட்டால் உதைத்துக்கொண்டே ஓடும். எனவே ஒருவர் தலையைப் பிடித்திருக்க, இன்னொருவர் வயிற்றுவாரை அவிழ்க்க வேண்டும்.

கைவிரித்து நிற்பதற்கும் ஓரிடம் உண்டு. பக்கத்தில் வாகனங்கள் ஓடும் சாலை இருந்தால், ஒருவர் முன்கூட்டியே அங்கே போய் வாகனங்களை நிறுத்தட்டும். மற்றொருவர் குதிரையின் பின்புறத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து ஏற்பாட்டாளருக்குச் சொல்ல வேண்டும். பாதையில் எங்கோ ஓர் ஆள் விழுந்து கிடக்கிறார் என்பதைக் குதிரையின் பரபரப்பில் எல்லாரும் மறந்துவிடுகிறோம். எனக்கு இதுவே முதல் வேலையாகப் படுகிறது.

2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் நடந்த நம் சிங்கப்பூரின் கிராஞ்சிக் குதிரைப் பந்தயத் திடலைப் போன்ற இடங்களில், சவாரிக்காரரை வீழ்த்திய குதிரையை இருபுற வேலியும் குதிரைமீது வரும் பணியாளரும் சேர்ந்து மடக்கிவிடலாம். எண்பதோ நூற்றிருபதோ நூற்றறுபதோ கிலோமீட்டர் நீளும் தோட்டப் பாதையில் வேலி ஏது? அங்கே நல்ல வேலி, அசையாமல் மேயும் இன்னொரு குதிரைதான். கூட்டத்தைப் பிரிந்த குதிரை கூட்டத்தைத் தேடும். அந்தப் போட்டியாளர் விரட்டிச் சென்றிருந்தால், ஓடிய குதிரை அதைப் பந்தயமாக எடுத்துக்கொண்டிருக்கும். அவருடைய குதிரையும் வீணாகச் சூடேறியிருக்கும்.

இழந்த நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கடிகாரம் பொதுவாக யாருக்காகவும் நிற்பதில்லை. அந்த நிமிடங்கள் அவர் கணக்கில்தான் சேரும். ஆனால் இத்தகைய சவாரி பல சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கால்நடை மருத்துவர் குதிரையின் நாடியைப் பார்ப்பார். அனைத்துலகப் போட்டிகளில், கடைசிச் சுற்றைத் தவிர, அது பொதுவாக நிமிடத்துக்கு 64 துடிப்புக்கு இறங்கிக் குதிரையைச் சோதனைக்குக் கொண்டுபோகும்வரை அந்தச் சுற்றின் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். திரெங்கானுவின் புழுக்கத்தில் வேகமாக வந்து சேரும் குதிரைகள் பல, அந்த எண்ணுக்கு இறங்குவதற்குள், தண்ணீரை மேலே ஊற்ற ஊற்ற, சம்பாதித்த நிமிடங்களை இழந்துவிடுகின்றன. நிழலில் நின்று புல் மேய்ந்த குதிரையோ ஏற்கெனவே பாதி ஆறியிருக்கும். ஆகவே அவர் இழந்ததில் ஒரு பகுதி அடுத்த சோதனையிலேயே அவருக்குத் திரும்பியிருக்கலாம்.