ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும், எதை முதலில் எடுப்பது?

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். நண்பர்கள் பன்னிரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் வேலை செய்கிறோம். போன வருடம் 200 மரக்கன்று நட்டோம், பத்துகூடத் தேறவில்லை. இந்த முறை ஏரியைத் தூர்வாரலாம் என்கிறார்கள் சிலர், நூலகம் கட்டலாம் என்கிறார்கள் சிலர். எப்படி முடிவு செய்வது ஐயா?

பதில்: தம்பி, கன்று காய்ந்ததற்காக மனம் விடவேண்டாம். நட ஒரு நாள் போதும், இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றத்தான் ஆள் வேண்டும். எந்த வேலையானாலும் முடித்த பிறகு யார் பார்த்துக்கொள்வார் என்பதுதான் என் முதல் கேள்வி. அந்த ஆளைப் பெயர் சொல்லிக் காட்ட முடியாவிட்டால் தள்ளிவையுங்கள். நூலகத்தை இப்போதைக்கு விட்டுவிடச் சொல்வதும் அதனால்தான்.

ஏரிக்கு வருவோம். தூர்வாருவதற்கு முன்னால் வரத்து வாய்க்காலைப் பாருங்கள். நல்ல மழை பெய்த மறுநாள், ஏரியிலிருந்து வாய்க்காலோடு மேலே நடந்து போங்கள். நாங்கள் ஒருமுறை அப்படி நடந்தோம். ரோட்டுக்கு அடியில் போகும் சிறுபாலம் வரை செந்நிறமாகத் தண்ணீர் வந்து, அங்கே திரும்பி ரோட்டோரமாக ஓடிக்கொண்டிருந்தது. குழாய் வாயில் சீமைக்கருவேல வேர், வேரில் சிக்கிய பாலித்தீன் பைகள், அதற்கு மேல் முழங்கால் உயரத்துக்கு வண்டல். ஆறு பேர் மண்வெட்டியோடு ஒரே காலையில் அதைத் திறந்துவிட்டார்கள். அதை விட்டுவிட்டு ஜேசிபி வைத்து ஏரியைத் தோண்டியிருந்தால் பணம்தான் போயிருக்கும், தண்ணீர் வந்திருக்காது.

ஆனால் மண்வெட்டி எடுப்பதற்கு முன் இடம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் கேட்டு, நிலத்தின் எல்லைகளை அளந்து வரைந்த புலப்படத்தில் வாய்க்கால் எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவு என்றால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் நீர்வளத் துறை. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ஏரியிலுள்ள கருவேல மரத்தை வெட்டி விற்கலாம் என்று யார் சொன்னாலும் இணங்காதீர்கள். வாய்க்காலை யாராவது உழுது சேர்த்துக்கொண்டிருந்தாலும் நீங்களாகப் போய் வெட்டக்கூடாது. அளந்து மீட்பது வருவாய்த் துறை வேலை, போட்டோவோடு மனு கொடுப்பதுதான் உங்கள் வேலை. இதில் அவசரப்பட்டு, பங்காளிச் சண்டைக்குள் இழுக்கப்பட்டு உடைந்துபோன நல்ல குழுக்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, என்னைக் கேட்டால் ஏரிக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: குடிக்கிற தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று சோதிப்பது. நிலத்தடி நீரில் கலந்திருக்கும் உப்பு அது, அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் போர் எனப்படும் ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் உண்டு. பிள்ளைகள் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஊரிலுள்ள ஒவ்வொரு கைபம்பிலும் போரிலும் சில நிமிடம் தண்ணீர் விட்டபின், அதே தண்ணீரால் கேனை இரண்டு மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடியுங்கள். இடமும் தேதியும் எழுதி ஒட்டி, தருமபுரியில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, 1.5ஐத் தாண்டினால் குடிக்கவே கூடாது. கொதிக்கவைத்தாலும் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். முடிவு வந்ததும் ஊராட்சியில் சொல்லி, அந்தந்தப் பம்பில் 'குடிக்கலாம்', 'புழங்க மட்டும்' என்று பெயிண்டில் எழுதிவிடுங்கள். பன்னிரண்டு பேருக்கு இது அளவான வேலை. கோடையில் இன்னொரு முறை சோதிக்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஊராட்சி செய்யவேண்டியதைக் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. வெறுமனே பேசிவிட்டு வராதீர்கள், தீர்மானமாக எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். கூட்டத்துக்கு முந்தின வாரமே தண்ணீர் பிடிக்கும் பெண்களிடம் போய்ப் பேசுங்கள். அவர்கள் வந்து கேட்டால் அந்தக் கேள்விக்கு இருக்கும் கனமே வேறு. பெரிய செலவு என்றால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் போடவேண்டும், மீதியை அரசு தரும்.

அப்புறம், தேறிய அந்தக் கன்றுகளை மறந்துவிடாதீர்கள். ஆடு எட்டாதபடி முள் வைத்துக் கட்டி, ஒவ்வொன்றையும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.