கைத்தையல் சட்டை அக்குளில் பிரிவது ஏன்?

கேள்வி: 1770களின் இங்கிலாந்தில் நடக்கும் நாடகத்துக்காக லினன் துணியில் ஆண்கள் சட்டை ஒன்றை முழுவதும் கையால் தைத்தேன். உடலும் கையும் நேரான செவ்வகத் துண்டுகள். நடிகர் கையைத் தூக்கியதும் அக்குளில் பிரிந்துவிட்டது. அந்த இடத்தை மட்டும் மெஷினில் தைத்துவிடலாமா?

பதில்: மெஷினில் தைத்தால் அடுத்த முறை தையலுக்குப் பதில் துணி கிழியும். குறை உங்கள் தையலில் இல்லை, ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. அக்காலத்துச் சட்டையில் துணி வீணாகாதபடி எல்லாவற்றையும் சதுரமாகவும் செவ்வகமாகவும்தான் வெட்டினார்கள். கைக்குழிக்கு வளைவே கிடையாது. வளைவு செய்ய வேண்டிய வேலையை அக்குளில் வைத்த ஒரு சதுரத் துண்டு செய்தது.

பெரியவர் சட்டைக்கு 5 அங்குலச் சதுரம் போதும். அதன் அடுத்தடுத்த இரண்டு பக்கங்கள் கைத்துண்டின் இரு ஓரங்களோடும், மற்ற இரண்டும் உடலின் முன், பின் ஓரங்களோடும் சேர வேண்டும். கையை இறக்கினால் அது முக்கோணமாக மடிந்து கிடக்கும், தூக்கினால் விரியும். இழுவிசை மூலைக்கு மூலை, இழைகளுக்குக் குறுக்காக விழுவதால் லினனும் அங்கே சற்று நெகிழ்ந்துகொடுக்கும். கைத்தையல் நிலைத்ததற்கு இந்த வெட்டும் ஒரு காரணம். எளிமையான ஏற்பாடுதான், ஆனால் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

சட்டையை வீசிவிடாதீர்கள். பக்கத் தையலையும் கையின் அடித்தையலையும் அக்குளிலிருந்து 5 அங்குலம் வீதம் பிரியுங்கள். கையை உடலோடு சேர்க்கும் தையலையும் அக்குளின் இருபுறமும் கொஞ்சம் பிரித்துக்கொண்டால் வேலை எளிது. புதுத் துணியை முதலில் துவைத்துச் சுருங்கவிடுங்கள். பிறகு ஓர் இழையை உருவி, அந்தத் தடத்திலேயே வெட்டினால் சதுரம் கோணாது. தையலுக்கான மடிப்பைத் தனியாகச் சேர்த்து வெட்டுங்கள்.

அக்குளில் ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டிப்போகும் ஓட்டுத்தையல் கூடாது. ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி முன்னால் எடுக்கும் பின்தையல்தான். அங்குலத்துக்கு 10 தையலாவது விழட்டும். பிறகு ஓரத்துணிகளில் ஒன்றைப் பாதியாகக் கத்தரித்து, மற்றதை அதன்மேல் மடித்துப் படியத் தையுங்கள். பிசிறு உள்ளே மறைந்துவிடும், தையலும் இரட்டிப்பு வலுப்பெறும். துணியின் நெய்த கரைகள் சந்திக்கும் இடத்தில் மடிப்பே வேண்டாம். இரண்டையும் ஒட்ட வைத்து, விளிம்பைச் சுற்றித் தைத்தால் போதும்.

நூல் லினனாக இருந்தால் நல்லது. ஒரு முழ நீளத்துக்கு மேல் எடுக்காதீர்கள். துணிக்குள் நுழைந்து நுழைந்து அது தேய்ந்துவிடும். தேன்மெழுகின் மேல் இரண்டு முறை இழுத்துக்கொண்டால் பிசிறாது, முறுக்கிச் சிக்காது. நடுவிரலில் அங்குஸ்தான் (ஊசியைத் தள்ள விரல்நுனியில் மாட்டும் உறை) கட்டாயம்.

இதோடு கழுத்துப் பிளவின் அடிமுனையையும் பாருங்கள். அக்குளுக்கு அடுத்தபடியாகக் கிழியும் இடம் அதுதான். அக்காலத்தவர் அங்கே இதய வடிவில் சிறு லினன் துண்டு ஒன்றைத் தைத்து வலுப்படுத்தினார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம்.

மெஷினை நான் தவிர்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எலியாஸ் ஹோ தன் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றதே 1846இல். 1770களின் சட்டையில் மணிக்கட்டுப் பட்டியிலும் கழுத்துப் பட்டியிலும் இயந்திரத் தையல் தெரிந்தால் முன்வரிசையில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார். நேரம் மிகவும் நெருக்கினால், வெளியே தெரியாத நீண்ட பக்கத் தையல்களை மட்டும் மெஷினுக்கு விடுங்கள். அக்குள் சதுரத்தைக் கையாலேயே தையுங்கள். அந்த மூலைகளில் துணியை அரை நூல் அளவுக்கு நகர்த்திப் பொருத்த விரல்களால்தான் முடியும்.