தாத்தா காலத்துக் காரின் உள்பக்கத்தை நாமே புதுப்பிக்க முடியுமா? எங்கே தொடங்குவது?

கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: குடும்பத்தில் பல வருடமாக இருக்கும் கார், இன்ஜின் ஓடுகிறது, ஆனால் சீட் கிழிந்து, கூரைத் துணி தொங்கி, குரோம் கொப்பளித்துக் கிடக்கிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது, எதை நாமே செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்நேரம் சீட் கவருக்கு ரெக்சின் கலர் பார்க்க ஆரம்பித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் செய்வது அதுதான். தயவுசெய்து அதை ஓரமாக வையுங்கள். சீட் கிட்டத்தட்டக் கடைசி வேலை. முதல் வேலை, தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று கண்டுபிடிப்பது. அதை அடைக்காமல் போடும் புதுக் கார்பெட் ஒரே மழைக்காலத்தில் நாறும், கதவின் உள்பக்க அட்டை வளையும், தரை மறுபடி துருப்பிடிக்கும்.

கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே, ஒருவர் ஓஸ் பைப்போடு வெளியே. தண்ணீரை மெதுவாக விட வேண்டும், பீய்ச்சக் கூடாது. கீழிருந்து மேலே போக வேண்டும்: முதலில் கதவின் அடிப்பகுதி, பிறகு கண்ணாடி மட்டம், பிறகு கூரை. ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நிற்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழிகிற தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எந்த ஓட்டை என்று தெரியாது. முன் கண்ணாடி ரப்பரின் இரண்டு கீழ் மூலைகள், வைப்பருக்குக் கீழே காற்று உள்ளே போகும் பள்ளத்தின் வடிகால், டிக்கி ரப்பர், பின் விளக்குகளின் கேஸ்கெட் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள்.

கதவைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஜன்னல் கண்ணாடியை ஒட்டி மழைநீர் கதவுக்குள் இறங்குவது பழுதல்ல, அமைப்பே அப்படித்தான். இறங்கிய தண்ணீர் கதவின் அடியிலுள்ள சிறு ஓட்டைகள் வழியே வெளியேற வேண்டும். அட்டைக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாளோ மெழுகுத் தாளோ ஒட்டியிருப்பார்கள். அட்டையின் கீழ் விளிம்பு மட்டும் உப்பி வளைந்திருந்தால் அந்தத் தாள் கிழிந்திருக்கிறது, அல்லது முன்பு அட்டையைக் கழற்றிய யாரோ அதைப் பிய்த்துப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். கனமான பாலித்தீன் ஷீட்டை வெட்டி, பியூட்டைல் டேப்பால் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) சுற்றிலும் ஒட்டுங்கள். கீழ் முனையை மட்டும் கதவுக்குள் சொருகிவிட வேண்டும், அப்போதுதான் வழியும் நீர் உள்ளேயே விழும். வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, சீட், கார்பெட், அதன் அடியிலுள்ள சணல் மெத்தை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். எலி இருந்த தடம் தெரிந்தால் உலர்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். பத்துக்கு ஒன்று என்ற அளவில் நீரில் கலந்த பிளீச்சால் நனைத்து, கையுறையும் முகக்கவசமும் அணிந்து துடைத்தெடுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். இன்ஜின் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் பழைய வெப்பத் தடுப்பு அட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்கவோ பிய்க்கவோ வேண்டாம்.

தரைத் தகட்டை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் மொத்தையாக மாறுகிற இடத்தில் துரு உள்ளே தின்றிருக்கிறது. அது வெல்டர் வேலை. பட்டி வைத்து மூடுவது ஏமாற்று. மேலோட்டமான துரு என்றால் வயர் பிரஷ் போட்டுப் பளபளக்கும் தகடு வரை தேய்த்து எபாக்ஸி பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடிக்கலாம். அமிலம் கலந்த துரு மாற்றியைப் பூசி, அதன் மேலேயே எபாக்ஸி அடித்தால் பல நேரம் பிடிக்காமல் உரிந்துவரும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தகட்டு இணைப்புகளை அடைக்கச் சீம் சீலர் பசை போடுங்கள். சத்தத்தைக் குறைக்கக் கட்டடக் கூரைக்குப் போடும் தார் ஷீட்டை ஒட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வெயிலில் அது நாறும், உருகும். அலுமினியத் தாள் ஒட்டிய 2 மி.மீ. பியூட்டைல் ஷீட் போடுங்கள். தகட்டின் பரப்பில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு மூடினாலே அதிர்வு அடங்கிவிடும். தரையிலுள்ள ரப்பர் அடைப்பான்களை மூடிவிடாதீர்கள்.

இனி வரிசை: கூரைத் துணி, கண்ணாடியைத் திரும்ப மாட்டுவது, டேஷ்போர்டு, கதவு அட்டை, கார்பெட், சீட். கூரைத் துணி முதலில் வருவதற்குக் காரணம், பல பழைய கார்களில் அதன் விளிம்பு முன், பின் கண்ணாடி ரப்பருக்கு அடியில் ஒட்டப்பட்டிருக்கும். கண்ணாடியைக் கழற்றாமல் அந்த வேலை சுத்தமாக வராது. கழற்றும்போதே ரப்பரையும் மாற்றிவிடலாம், ஒழுகலும் நிற்கும்.

கூரைத் துணி குறுக்கே போகும் வளைந்த கம்பிகளில் தொங்குகிறது. ஒவ்வொரு கம்பியின் நீளமும் வளைவும் வேறு. பக்கவாட்டில் அவை நுழையும் ஓட்டைகளும் ஒன்றுக்கு மேல் இருக்கும், ஒரு ஓட்டை மாறினாலும் கூரை தாழ்ந்துவிடும். கழற்றும்போதே முன்னிருந்து 1, 2, 3 என்று டேப் ஒட்டி, எந்த ஓட்டை என்று எழுதுங்கள். புதுத் துணியை மடிப்பு போகும்வரை வெயிலில் விரித்து வையுங்கள். பல மாடல்களில் கடைசிக் கம்பியைப் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கச் சிறு கொக்கிகள் இருக்கும், அங்கிருந்து தொடங்கி முன்னோக்கி வர வேண்டும். முதலில் பின், முன் விளிம்புகள், பிறகு பக்கங்கள். பசையைத் துணியிலும் தகட்டிலும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகே சேர்க்க வேண்டும். வெயிலில் இளகாத, அதிக வெப்பம் தாங்கும் ரப்பர் பசையாகப் பார்த்து வாங்குங்கள்.

பக்கங்களில் எவ்வளவு இழுத்தாலும் கம்பி நுனிகளுக்குப் பக்கத்தில் சுருக்கம் நிற்கும். இழுப்பது போதவில்லை என்று நினைத்து இன்னும் பலமாக இழுத்துத் துணியைக் கிழிப்பவர்கள் உண்டு. காரணம் இழுப்பு இல்லை. கம்பி நுழையும் தையல் உறை நுனிவரை வருவதால் துணியைப் பிடித்துக்கொள்கிறது. உறையை மட்டும், துணியில் கத்தரி படாமல், நுனியிலிருந்து ஒரு செ.மீ. வெட்டி இழுத்துப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு செ.மீ. அதிகம் வெட்டிவிட்டால் துணி கம்பியிலிருந்து தொங்கும், திருப்பி ஒட்ட வழியில்லை. மிஞ்சியிருக்கும் சிறு சுருக்கத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்த ஹீட் கன்னால் நீக்கலாம். விளிம்பில் இரண்டு, மூன்று செ.மீ. விட்டு, ஒரு நாள் கழித்தே நறுக்குங்கள்.

டேஷ்போர்டு மரமாக இருந்தால், மேலே தெரிவது பெரும்பாலும் ஒரு மி.மீ.கூடத் தடிமன் இல்லாத வெனீர், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத் தாள். பழைய வார்னிஷைக் கரைப்பான் போட்டு வழித்தெடுங்கள், மெஷின் வேண்டாம். 240, 320, 400 உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி இழை போகும் திசையில் மட்டும் தேய்த்து, புற ஊதா தாங்கும் வார்னிஷை மெல்லிய பூச்சுகளாக ஆறேழு முறை அடியுங்கள். மீட்டர்களின் முகத்தை எந்தத் திரவத்தாலும் துடைக்காதீர்கள், எழுத்துகள் துணியோடு வந்துவிடும். மென்மையான பிரஷ் போதும். மிகப் பழைய வண்டியில் இருட்டில் ஒளிரும் முள் இருந்தால் அதில் கதிர்வீச்சுள்ள நிஜ ரேடியம் இருக்கலாம், அந்த மீட்டரைத் திறக்கவே வேண்டாம். டேஷ்போர்டு வெளியே இருக்கும்போதே ஒயரிங், ஹீட்டர் குழாய், வைப்பர் இணைப்பு எல்லாவற்றையும் சரிபார்த்துவிடுங்கள். பிறகு கை போகாது.

ஸ்டீயரிங் வெடிப்பை அப்படியே நிரப்பினால் நிற்காது. வெடிப்பை வி வடிவில் உள்கம்பி தெரியும்வரை விரித்து, இரண்டு பொருளைக் கலந்து போடும் எபாக்ஸிப் பசையால் சற்று மேடாக நிரப்பி, ஒரு நாள் விட்டுத் தேய்த்து, பிரைமரும் ஹார்டனர் கலந்த பெயின்டும் அடிக்க வேண்டும்.

இப்போது சீட். பழைய கவரை எந்தக் காரணம் கொண்டும் தூக்கிப் போடாதீர்கள், தைப்பவரையும் போட விடாதீர்கள். கேட்காமலே பழசைக் குப்பையில் போட்டுவிட்டு, கேடலாக்கில் உள்ள டிசைனைத் தைத்து மாட்டும் கடைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அந்தக் கிழிந்த கவர்தான் உங்களிடம் இருக்கும் ஒரே பேட்டர்ன். ஃபிரேமோடு பிடித்திருக்கும் கம்பி வளையங்களைக் கட்டரால் நறுக்கி, தையல் நூலை மட்டும் வெட்டித் துண்டுகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கம், எது முன் என்று எழுதி வையுங்கள். டிரைவர் சீட் துண்டுகள் உட்கார்ந்து உட்கார்ந்து விரிந்திருக்கும். அதை அளவாகக் கொண்டால் புதுக் கவர் தொளதொளக்கும். பக்கத்து சீட் அதிகம் தேயாது. இரண்டும் ஒரே அமைப்பு என்றால் அதன் துண்டுகளைத் திருப்பிப் போட்டு டிரைவர் சீட்டுக்கு வெட்டுங்கள்.

ஸ்பிரிங்கின் மேல் நேரடியாக ஃபோம் வைத்தால் கம்பி அதை அறுத்துவிடும், நடுவில் கனமான சணல் துணி கட்டாயம். உட்காரும் பகுதிக்குக் கன மீட்டருக்கு 40 முதல் 50 கிலோ அடர்த்தியுள்ள ஃபோம், சாயும் பகுதிக்கு அதைவிட மெத்தென்றது. ஃபோமைக் கவர் அளவைவிட ஒரு செ.மீ. பெரிதாக வெட்டினால் கவர் விறைப்பாக நிற்கும். நூல் பாண்டட் பாலியெஸ்டர் (பிரி விலகாமல் பூச்சு போட்டது). பருத்தி இற்றுப்போகும், நைலான் வெயிலில் பலமிழக்கும். தையல் இடைவெளி 4 மி.மீ. அளவு இருக்கட்டும். நெருக்கமாகத் தைத்தால் பலம் என்று நினைக்கிறார்கள். ரெக்சினில் அது நேர்மாறு: நெருங்கிய ஊசித் துளைகள் ஸ்டாம்ப் தாளின் ஓட்டை வரிசை போலாகி அந்தக் கோட்டிலேயே கிழியும். பைப்பிங் (தையல் விளிம்பில் வரும் உருண்டை ஓரம்) சேரும் இடத்தில் நான்கு அடுக்கு வரும், வீட்டுத் தையல் மெஷின் தாங்காது. மேல், கீழ் அடுக்குகளைச் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மெஷின் உள்ளவரிடம் கொடுப்பதில் வெட்கம் இல்லை.

விறைத்து வெடித்த ரெக்சினை எந்தக் கிரீமும் மீட்காது. அதை மென்மையாக வைத்திருந்த பொருள் வெளியேறிவிட்டது, மாற்றத்தான் வேண்டும். தோல் சீட்டாக இருந்தால் ஒரு சோதனை: கிழிந்த ஓரத்தின் உள்பக்கத்தை விரலால் தேயுங்கள். பொடியாக உதிர்ந்தால் முடிந்துவிட்டது. நார் உறுதியாக இருந்தால் காப்பாற்றலாம்: மென்மையான கிளீனரால் அழுக்கெடுத்து, வெடிப்பில் வளையும் ஃபில்லரை மெல்லிசாகப் பல முறை தடவி, நீரில் கரையும் நிறமியை ஸ்பாஞ்சால் மூன்று, நான்கு பூச்சு கொடுங்கள்.

பளபளக்க வைக்கிறது என்று சிலிகான் ஸ்பிரேயை மட்டும் அடிக்காதீர்கள். பின்னால் பெயின்ட் அடித்தால் அந்த இடங்களில் மீன் கண் மாதிரி வட்ட வட்டமாக விலகி நிற்கும், பசையும் பிடிக்காது.

குரோம் விஷயத்தில் பணம் வீணாவது அதிகம், ஏனென்றால் எந்த உலோகம் என்று பார்க்காமலே கடைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள், சில வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் காந்தம் ஒட்டும். பின்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே உலோகமாகத் துருவில்லாமல் இருந்தால் ஸ்டெயின்லெஸ். பின்னால் துரு என்றால் குரோம் போட்ட இரும்பு. வார்ப்பாகக் கனமாக, பின்னால் சிறு தண்டுகளோடு இருந்தால் துத்தநாகக் கலவை; பேட்ஜ், கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம் பெரும்பாலும் இதுதான்.

ஸ்டெயின்லெஸ் மோல்டிங்குக்கு (அலங்காரப் பட்டைக்கு) முலாம் தேவையே இல்லை. நசுங்கலைப் பின்னாலிருந்து சிறு சுத்தியால் தட்டி எடுத்து, 400 முதல் 2000 வரை உப்புத்தாள் போட்டு, பஃபிங் செய்தால் புதுசு. இரும்பில் புள்ளித் துரு மட்டும் இருந்தால் அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். குரோமைவிட அலுமினியம் மென்மை, கீறாது. பழுப்புக் குழம்பாக வருவதைத் துடைத்து, காயவைத்து, மெழுகு போடுங்கள். குரோம் அடுக்கு ஒரு மைக்ரானைவிட மெல்லியது. மினுக்கம் அடியிலுள்ள நிக்கலுடையது. நிக்கல் உரிய ஆரம்பித்தால் மறுமுலாம்தான். துத்தநாகத்தில் கொப்பளம் உள்ளிருந்து வருவது, ஒவ்வொரு குழியையும் தோண்டி நிரப்பித்தான் முலாம் போட முடியும், அதனால் செலவு கூடும். இதை வீட்டில் அமிலத்தில் போட்டால் கரைந்துபோகும். முலாமுக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு துண்டையும் படமெடுத்து, எண்ணி, எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சிறு துண்டுகள் தொட்டியின் அடியில் தங்கிப் "நீங்கள் கொடுக்கவே இல்லையே" ஆகிவிடும்.

வெளிப் பெயின்ட் ஒரிஜினலாக இருந்தால் அவசரப்பட்டு உரிக்காதீர்கள். பழைய பெயின்டில் பெரும்பாலும் தனி கிளியர் கோட் (மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சு) இருக்காது, பாலிஷ் போடும்போது துணியில் நிறம் வருவது இயல்பு. கையாலேயே செய்யுங்கள். விளிம்புகளில் பெயின்ட் மிக மெல்லிசு, அங்கேதான் முதலில் தகடு தெரியும்.

"ஒரிஜினாலிட்டி போச்சு" என்று சிலர் கீழே எழுதுவார்கள், தெரியும். நான் சொல்வது குடும்பத்தோடு ஓட்டப்போகும் காருக்கு. அபூர்வ மாடல் என்றால் கிழிசலோடு விட்டுவைப்பதே சரியாக இருக்கலாம். "இந்தக் காசுக்குப் புதுக் காரே வாங்கலாமே" என்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது, அவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவும் இல்லை. ஆனால் ஒன்று, வண்டி தாத்தா பெயரிலேயே இருந்தால் செலவைத் தொடங்கும் முன் பங்காளிகளிடம் எழுதி வாங்கி உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். தார்ப்பாய்க்குள் கிடந்தவரை யாருக்கும் வேண்டாத கார், பளபளத்ததும் எல்லோருக்கும் பங்குள்ளதாகிவிடுகிறது.

சீட் பெல்ட்டுக்குச் சாயம் போட வேண்டாம். ஓரம் பிசிறியிருந்தால், விறைத்திருந்தால் புதிது வாங்குங்கள். எல்லாம் மாட்டிய பிறகு சில வாரம், நிழலில் நிறுத்தும்போது ஜன்னலை இரண்டு விரல் இறக்கி வையுங்கள், பசையின் ஆவி போகட்டும். புதுக் கதவு ரப்பர் பழகும்வரை கதவை அறைந்து சாத்தாமல் அழுத்தி மூடுங்கள். கொஞ்ச தூரம் ஓடியதும் புது ஃபோம் அமுங்கி சீட் சற்றுத் தாழும். அப்போது சீட் நகரும் தண்டவாளத்தின் போல்ட்டுகளை ஒரு முறை முடுக்கிவிடுங்கள்.