கேள்வி–பதில்: நுவார் படங்களின் இருட்டு

கேள்வி: அரங்கியல் பயிலும் மாணவி நான். 1940களில் வெளிவந்த ஹொலிவூட் நுவார் படங்களின், அதாவது இருண்ட ஒளியமைப்பில் குற்றக்கதை சொல்லும் படங்களின், விழுமியங்கள், சூழமைவு, திரைநுட்பம் ஆகியவற்றை ஆராயுமாறு எமக்கு ஒப்படை தரப்பட்டுள்ளது. மூன்றையும் தனித்தனித் தலைப்பிட்டு எழுதினேன். ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்று விரிவுரையாளர் திருப்பித் தந்துவிட்டார். எங்கிருந்து தொடங்குவது, ஐயா?
– வாசகி, கல்லடி

பதில்: தலைப்பை விட்டுவிட்டு ஒரு காட்சியிலிருந்து தொடங்குங்கள். பில்லி வைல்டர் 1944இல் இயக்கிய 'டபிள் இன்டெம்னிட்டி' படத்தில், காப்புறுதி முகவரான வோல்ட்டர் நெஃப், பிலிஸ் என்பவளோடு சேர்ந்து அவளுடைய கணவனைக் கொன்று, விபத்துக் காப்புறுதிப் பணத்தை இரட்டிப்பாகப் பெறத் திட்டமிடுகிறான். கொலை காருக்குள் நடக்கிறது. பின்னிருக்கையில் ஒளிந்திருந்த நெஃப் எழுந்து கணவன்மீது பாய்கிறான். கமராவோ அந்தப் பக்கம் திரும்பாமல், காரை ஓட்டும் பிலிஸின் முகத்திலேயே நிற்கிறது. பிலிஸாக நடித்த பார்பரா ஸ்டான்விக்கின் அந்த முகத்தில் பதற்றம் இல்லை. நினைத்தது நடந்துவிட்ட மெல்லிய நிறைவுதான் தெரிகிறது.

கமரா ஏன் திரும்பவில்லை என்று கேட்டால் சூழமைவு தானாக வந்து சேரும். 1930இல் வகுக்கப்பட்டு, 1934 முதல் ஜோசப் பிரீனின் அலுவலகத்தால் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட தயாரிப்பு விதிக்கோவை, அதாவது ஹொலிவூட் தனக்குத்தானே விதித்துக்கொண்ட தணிக்கை விதிகள், கொலையை விவரமாகக் காட்டுவதையும், பார்வையாளரின் அனுதாபம் குற்றவாளியின் பக்கம் சாய்வதையும் அனுமதிக்கவில்லை. ஜேம்ஸ் எம். கெயின் எழுதிய மூலக்கதையே அந்த அலுவலகத்தின் எதிர்ப்பினால் பல ஆண்டுகள் படமாகாமல் கிடந்தது. வைல்டர் விதியை மீறவில்லை. கொலையை மறைத்தார், மறைத்த இடத்தில் கொலையைவிடக் கொடிய ஒரு முகத்தை வைத்தார்.

விழுமியமும் இங்கேயே இருக்கிறது. குற்றம் தண்டிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையைப் படம் முழுமையாக நிறைவேற்றுகிறது. குண்டுக் காயத்தோடு நள்ளிரவில் அலுவலகத்துக்கு வரும் நெஃப், குரல் பதியும் கருவியில் தன் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவே கதை தொடங்குவதால், அவன் தப்பப்போவதில்லை என்பது நமக்கு முதலிலேயே தெரியும். ஆனால் அவனுடைய குரல் வழியாகவே கதையைக் கேட்பதால், அவன் அகப்பட்டுவிடக் கூடாதே என்று நாமும் பதறுகிறோம். சட்டத்தின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து, அதன் கருத்தைக் கைவிடும் இந்தத் தந்திரமே நுவாரின் உயிர் என்பது என் எண்ணம். நெஃப் நச்சுவாயு அறையில் மரண தண்டனை பெறும் காட்சியையும் வைல்டர் படமாக்கியிருந்தார். பின்னர் அதை நீக்கிவிட்டு, காயத்தோடு சரிந்து கிடப்பவனின் சிகரெட்டுக்கு அதே நிறுவனத்தில் காப்புறுதிக் கோரிக்கைகளை விசாரிப்பவரான நண்பர் கீஸ் தீக்குச்சி பற்றவைப்பதோடு முடித்தார். படம் முழுவதும் கீஸின் சுருட்டுக்குத் தீ கொடுத்தவன் நெஃப் என்பதைக் கவனித்தால், காசுக்கும் காமத்துக்கும் எதிராகப் படம் எதை நிறுத்துகிறது என்பது புரியும்.

ஒளியமைப்பைப் பற்றி எழுதும்போது சற்று நிதானியுங்கள். ஜன்னல் தட்டிகளின் நிழல் பட்டை பட்டையாக விழும் ஜோன் சைட்ஸின் ஒளிப்பதிவைக் கண்டதும், அந்த நிழல் பாணி ஜேர்மன் திரைப்படங்களிலிருந்து வந்தது என்று எழுதி முடித்துவிடுவது மாணவர்களின் வழக்கம். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் வைல்டர் பெர்லினை விட்டு வெளியேறியதும், பிரிட்ஸ் லாங், ரொபர்ட் சியோட்மாக் போன்ற இயக்குநர்கள் ஹொலிவூட்டுக்கு வந்து சேர்ந்ததும் உண்மைதான். ஆனால் 1941இலேயே 'மால்டீஸ் பால்கன்' எடுத்த ஜோன் ஹியூஸ்டன் அமெரிக்கர். போர்க்காலத்தில் ஒரு படத்தின் அரங்க அமைப்புக்கான புதிய பொருள்களுக்கு 5,000 டொலர் என்ற உச்சவரம்பும் இருந்தது. இருட்டு கலை மட்டுமன்று, சிக்கனமும்தான். நம்மூர் வடமோடிக் கூத்தில், பாத்திரம் களரிக்குள் வரும்போது ஆடும் வரவாட்டமே வருபவர் யாரென்று சபைக்குச் சொல்லிவிடும். நுவாரின் ஒளி அந்த உதவியைச் செய்வதில்லை. கெட்டவள் முகத்திலும் அவளிடம் ஏமாறுபவன் முகத்திலும் ஒரே நிழல்தான் விழுகிறது.

கேள்வி: இப்படங்களில் பெண் எப்போதும் ஆணை அழிப்பவளாகவே வருகிறாளே, இது பெண்வெறுப்பு இல்லையா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: பெருமளவு ஆம். போர்க்காலத்தில் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்து சம்பாதிக்கத் தொடங்கிய பெண்களை, 1945க்குப் பிறகு வீட்டுக்குத் திருப்பி அனுப்ப அமெரிக்கச் சமூகம் அவசரப்பட்டது. அந்த அவசரத்தை மைக்கேல் கர்ட்டிஸின் 'மில்ட்ரெட் பியர்ஸ்' (1945) தெளிவாகக் காட்டுகிறது. உணவகம் நடத்தி முன்னேறும் தாயின் கதையான இதற்கு மூலமான கெயினின் நாவலில் கொலையே கிடையாது; படத்துக்காகக் கொலை சேர்க்கப்பட்டு, அவளுடைய உழைப்பின் கதை பொலிஸ் விசாரணைக்குள் அடைக்கப்பட்டது. முடிவில் அவள் பழைய கணவனோடு வெளியேறும்போது, இரு பெண்கள் மண்டியிட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருப்பதையும் சட்டகம் காட்டுகிறது. அது பெண்ணுக்குரிய இடத்தை நினைவூட்டும் எச்சரிக்கையா, அந்த ஒழுங்கின்மீதான கண்டனமா என்று இருவிதமாகவும் வாதிடலாம். நான் இரண்டாவது பக்கம் நிற்பேன். ஆனாலும் 'ஆம்' என்று தொடங்கியதை மாற்றமாட்டேன்.

கேள்வி: தமிழில் ஓர் எடுத்துக்காட்டைச் சேர்க்கலாமா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) போதும். பாடல் இல்லை, இருளும் விசாரணையும் உண்டு. ஆனால் அதன் சூழமைவு வேறு. 1943இல் ஜப்பானியர் குண்டு வீசிய சென்னையில் கதை நிகழ்கிறது; அதற்கு முந்திய ஆண்டில்தான் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை அவர்கள் மூழ்கடித்திருந்தார்கள். ஹொலிவூட் நுவாரில் தனிமனிதனின் பேராசை விசாரிக்கப்படுகிறது. இங்கே நாட்டுக்குச் செய்யும் துரோகம் விசாரிக்கப்படுகிறது. நிழல் ஒத்திருப்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, இந்த வேறுபாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.