புயல் நேரத்தில் இரண்டு மூன்று நாள் கரண்ட் இல்லை என்றால் வீட்டு ரீஃப் டேங்க்கை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி கேட்டவர் சொன்ன விவரம் இது: சென்னையில் அடுக்குமாடி வீடு, சம்ப்போடு (டேங்க்குக்குக் கீழே இருக்கும் துணைத் தொட்டி) சேர்த்து சுமார் 200 லிட்டர் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல் தண்ணீர்த் தொட்டி), ஒரு ஜோடி க்ளவுன் மீன், கூட மூன்று நான்கு சின்ன மீன்கள், மென்பவளங்கள். வீட்டில் ஏற்கனவே 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருக்கிறது. அதிலேயே டேங்க்கையும் ஓட்டிவிடலாமா, இல்லை ஒரு ஜெனரேட்டர் வாங்க வேண்டுமா?

இரண்டுமே வேண்டாம். டேங்க்குக்கென்று தனியாக ஒரு சின்ன பேட்டரி, அதில் ஒரே ஒரு வேவ்மேக்கர் (டேங்க்குக்குள் தண்ணீரைச் சுழற்றும் சின்ன பம்ப்), துணைக்கு ஒரு பேட்டரி ஏர் பம்ப். இவ்வளவுதான் தேவை. பணம் மிச்சம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கரண்ட் போனதும் டேங்க்கில் முதலில் தீர்ந்துபோவது எது என்று யோசித்தால் இங்கேதான் வந்து நிற்போம்.

முதலில் தீர்வது ஆக்சிஜன். 26 டிகிரியில் நல்ல தண்ணீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். அதே சூட்டில் கடல் தண்ணீருக்கு 6.7 அளவுதான் முடியும், சூடு ஏற ஏற அதுவும் குறையும். அந்த இருப்பிலிருந்து மீன் மட்டுமா எடுத்துக்கொள்கிறது, பவளம், நத்தை, நண்டு, டேங்க்கில் அடுக்கிய லைவ் ராக் கற்களிலும் மணலிலும் இருக்கிற கோடிக்கணக்கான பாக்டீரியா என்று எல்லாமே சேர்ந்து எடுக்கின்றன. பம்ப் ஓடும்போது மேல்மட்டம் கலங்கிக்கொண்டே இருப்பதால் காற்றிலிருந்து புதிதாக ஆக்சிஜன் இறங்குகிறது. பம்ப் நின்றால் தண்ணீர் கண்ணாடி மாதிரி படுத்துவிடும், ஓவர்ஃப்ளோ வழியாக சம்ப்புக்குப் போய்க்கொண்டிருந்த எண்ணெய்ப் படலம் மேலேயே தங்கிவிடும், உள்ளே செலவு மட்டும் நடக்கும். பகலில் விளக்கோ ஜன்னல் வெளிச்சமோ இருந்தால் பாசியும் பவளத்துக்குள் இருக்கிற நுண்பாசியும் கொஞ்சம் ஆக்சிஜன் தரும், ஆனால் இருட்டில் அவையும் அதே இருப்பிலிருந்துதான் சுவாசிக்கின்றன. அதனால் ராத்திரி பதினோரு மணிக்குப் போகிற கரண்ட்தான் ஆபத்தானது, அதுவும் நாம் தூங்கிக்கொண்டிருந்தால். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டு, செவுள் வேகமாக அடிக்கிற நிலையைப் பார்த்தீர்கள் என்றால் ஏற்கனவே ரொம்பத் தாமதம்.

மற்றதெல்லாம் காத்திருக்கும். விளக்கு இல்லாமல் மென்பவளங்கள் இரண்டு மூன்று நாள் சுருங்கிக் கிடக்கும், அப்புறம் விரிந்துவிடும். ஸ்கிம்மர் (நுரையாக அழுக்கைப் பிரிப்பது), ரிட்டன் பம்ப் (சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவது), டோசிங் (சத்துகளைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது) எதையும் பேட்டரியில் ஓட்ட நினைக்காதீர்கள்.

சரி, வீட்டு இன்வெர்ட்டர் ஏன் போதாது? கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஏஎச் என்றால் 1800 வாட்-மணி. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்வது அதன் ஆயுளுக்கு நல்லதில்லை, ஆக 900 என்று வையுங்கள். வீட்டில் இரண்டு சீலிங் ஃபேன், நாலு விளக்கு, வைஃபை ரூட்டர் ஓடினால் சுமார் 200 வாட். நாலு மணி நேரத்தில் கதை முடிந்தது. புயல் அன்று வீட்டில் பெரியவர்களும் குழந்தைகளும் இருக்கும்போது "மீனுக்காக ஃபேனை நிறுத்துங்கள்" என்று சொல்லவும் முடியாது, சொல்லவும் கூடாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளுக்குக் கரண்ட் திரும்ப நாள் கணக்கில் ஆனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் வடிகிற வரை கரண்ட் கொடுக்கவும் வழியில்லை. நாலு மணி நேர பேக்கப்பை நம்பி அந்த மாதிரி நாட்களைத் தாண்ட முடியாது.

இன்னொரு விஷயம், பலரும் இதைக் கவனிப்பதில்லை: இன்வெர்ட்டர் எதையும் ஓட்டாமல் சும்மா ஆனில் இருந்தாலே 10 முதல் 20 வாட் வரை அதுவே சாப்பிடும். உங்கள் வேவ்மேக்கர் 10 வாட் என்றால், அதை விட அதிகமாக இன்வெர்ட்டருக்கே போய்விடலாம். மொத்தம் 25 வாட் என்றால் அந்த 900 வாட்-மணி 36 மணி நேரம் வரும். அதே வேவ்மேக்கரை பேட்டரியிலிருந்து நேராக டிசியில் ஓட்டினால் 80 மணி நேரத்துக்குக் குறையாது. இன்றைக்குக் கிடைக்கிற வேவ்மேக்கர்களில் பெரும்பாலானவை 12 அல்லது 24 வோல்ட் டிசிதான், சுவரில் செருகுகிற அடாப்டர் ஏசியை டிசியாக மாற்றித்தான் கொடுக்கிறது. பேட்டரியின் டிசியை ஏசியாக்கி, அதைத் திரும்ப டிசியாக்குவது வீண்.

என் டேங்க்கில் இருப்பதைச் சொல்கிறேன். யூபிஎஸ்களில் போடுகிற 12 வோல்ட் 42 ஏஎச் எஸ்எம்எஃப் பேட்டரி (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய லெட் ஆசிட் வகை) ஒன்று, அதற்கு எப்போதும் 13.6 வோல்ட்டில் நிற்கிற ஒரு சார்ஜர். வேவ்மேக்கர் 24 வோல்ட் என்பதால் நடுவில் வோல்ட்டை ஏற்றித் தரும் ஒரு பூஸ்ட் கன்வெர்ட்டர். ஒரு சின்ன ரிலே, அதாவது தானாக இணைப்பை மாற்றும் சுவிட்ச். அதன் காயிலுக்கு வீட்டு கரண்டில் ஓடும் அடாப்டர் ஒன்றிலிருந்து சப்ளை. கரண்ட் இருக்கிற வரை ரிலே இழுத்துப் பிடித்திருக்கும், வேவ்மேக்கர் தன் சொந்த அடாப்டரில் ஓடும். கரண்ட் போனதும் டக்கென்று ஒரு சத்தம், ரிலே விடுபட்டு பேட்டரிக்கு மாறிவிடும். நான் ஊரில் இல்லாவிட்டாலும் இது நடக்கும், எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஒரு 5 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம் போடுங்கள், ஏனென்றால் ஷார்ட் ஆனால் பேட்டரி தள்ளுகிற கரண்ட் ஒயரையே எரித்துவிடும். இதெல்லாம் கை வராது என்றால் பக்கத்தில் இன்வெர்ட்டர், யூபிஎஸ் சர்வீஸ் செய்கிறவரிடம் படம் போட்டுக் காட்டினால் செய்து தருவார். வோர்டெக் மாதிரி விலை கூடிய பம்ப் வைத்திருந்தால் பேட்டரி பேக்கப்புக்கு அதிலேயே தனி இணைப்பு உண்டு, கரண்ட் போனதும் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பேட்டரியை டேங்க்குக்குக் கீழே மூடிய கபோர்டுக்குள் வைக்க வேண்டாம். லெட் ஆசிட் வகை சார்ஜ் ஆகும்போது வாயு வெளிவரலாம், அதோடு சம்ப் பக்கத்து உப்பு ஈரத்தில் டெர்மினல் பச்சை பூத்துவிடும். ஒரு மீட்டர் தள்ளி, காற்றோட்டமாக, டெர்மினலில் கொஞ்சம் வாசலின் தடவி வையுங்கள். தரைத்தள வீடு என்றால் தரையிலும் வேண்டாம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வாங்க முடிந்தால் இன்னும் நல்லது, எடை குறைவு, 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம். ஆனால் அதற்கேற்ற சார்ஜர் வேண்டும்.

வேவ்மேக்கரின் முகத்தைக் கொஞ்சம் மேலே திருப்பி வையுங்கள். பேட்டரியில் மெதுவாக ஓடும்போதும் மேல்மட்டம் நெளிய வேண்டும். அடியில் மட்டும் சுழன்றால் பயன் பாதிதான்.

ஏர் பம்ப் இரண்டாவது காவல். யூஎஸ்பியில் ஓடுகிற சின்னது ஒன்றோ இரண்டோ வாட்தான் எடுக்கும், 20,000 எம்ஏஎச் பவர் பேங்க்கில் ஒரு நாளுக்கு மேல் வரும். ஆனால் சில பவர் பேங்க்குகள் இவ்வளவு குறைந்த கரண்ட் போனால் 'எதுவும் சார்ஜ் ஆகவில்லை' என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும், அதனால் உங்களுடையது விடிய விடிய ஓடுகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். தண்ணீர் பம்ப்புக்குத் திரும்பி வராதபடி டியூபில் நான்-ரிட்டன் வால்வு போட மறக்காதீர்கள். இரண்டுமே கைவிட்டால் ஒரு சொம்பு போதும். தண்ணீரை மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து டேங்க்கிலேயே ஊற்றுங்கள், கால் மணிக்கு ஒரு தடவை சில நிமிஷம். கை வலிக்கும், மீன் பிழைக்கும்.

சூட்டைப் பற்றி. வெளிநாட்டு வீடியோக்களில் டேங்க்கைக் கம்பளி போட்டு மூடு, ஹீட்டருக்கு பேக்கப் வை என்பார்கள். அது பனி விழுகிற ஊருக்கு. சென்னையில் மழைக்காலத்தில் டேங்க் தானாகவே 25, 26 டிகிரியில் நிற்கும், கவலை வேண்டாம். மே மாதக் கரண்ட் கட்டில்தான் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்று 31, 32க்குப் போகும். சில்லரை பேட்டரியில் ஓட்டுவது நடக்காத காரியம். ஃப்ரீசரில் ஒரு லிட்டர் பாட்டில்களில் ஐஸ் கட்டி வையுங்கள். ஒரு கிலோ ஐஸ் உருகி முடியும்போது 100 லிட்டரைச் சுமார் ஒரு டிகிரி இறக்கும், உங்கள் டேங்க்குக்கு அரை டிகிரி. மூடி இறுக்கிய பாட்டிலாகவே மிதக்க விடுங்கள், ஐஸை நேராகப் போட்டால் உப்பளவு குறையும். ஒரே நேரத்தில் நாலைந்து பாட்டில் போட்டு அதிர்ச்சி கொடுக்காதீர்கள்.

ஜெனரேட்டர் அடுக்குமாடிக்குச் சரிவராது. அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, மணமே இல்லாமல் ஆளைக் கொல்லும். பால்கனியில் வைத்தாலும் புகை உள்ளே வரும், உங்கள் வீட்டுக்கு மட்டுமில்லை, மேல் வீட்டுக்கும். எந்த மீனுக்காகவும் அதைச் செய்யாதீர்கள்.

கரண்ட் இல்லாதவரை தீனி போட வேண்டாம். இரண்டு மூன்று நாள் பட்டினியில் ஆரோக்கியமான மீன் சாகாது, போட்ட தீனி அழுகினால்தான் பிரச்சினை. கரண்ட் வந்ததும் கேனிஸ்டர் ஃபில்டரோ மீடியா ரியாக்டரோ (இரண்டும் மூடிய டப்பாவுக்குள் தண்ணீரை வடிகட்டுபவை) இருந்தால் அவசரப்பட்டு ஆன் செய்யாதீர்கள். மூடிக் கிடந்த தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து, அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைட் உருவாகியிருக்கலாம், அதை டேங்க்குக்குள் தள்ளினால் அதுவரை காப்பாற்றியது எல்லாம் போய்விடும். திறந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, உள்ளே இருக்கும் மீடியாவை (வடிகட்டும் பொருளை) உப்புத் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். ரிட்டன் பம்ப்பை முதலில் ஓடவிட்டு, சம்ப்பின் தண்ணீர் மட்டம் பழையபடி இறங்கிய பிறகு ஸ்கிம்மரைப் போடுங்கள், இல்லையென்றால் அது பொங்கித் தரையெல்லாம் உப்புத் தண்ணீர்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டேங்க்கின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அரை நாள் கூடவே உட்கார்ந்து பாருங்கள். சம்ப் நிரம்பி வழிகிறதா, ரிட்டன் குழாய் வழியாகத் தண்ணீர் சம்ப்புக்குத் திரும்ப இழுபடாமல் தடுக்கிற (சைஃபன் உடைக்கிற) ஓட்டையைப் பாசி அடைத்திருக்கிறதா, ரிலே மாறுகிறதா, பேட்டரி வோல்ட் எவ்வளவு இறங்குகிறது, எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்.