கத்திரி வெயிலும் பழைய பிக்கப்பும்: ஏசி மாட்டுவது பற்றிய கேள்வி-பதில்

கத்திரி தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். பழைய வண்டி, விற்க மனசு வரவில்லை, ஏசி மாட்ட முடியுமா? இந்த முறை பிக்கப் வைத்திருப்பவர்கள் கேட்டதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காரைவிட பிக்கப்பில் இந்த வேலை ஒரு விதத்தில் சுலபம். கேபின் சின்னது, குளிரவைக்க வேண்டிய காற்றும் குறைவு. இன்னொரு விதத்தில் கஷ்டம். லோடு அடிக்கவென்று செய்த வண்டி அது. வெயிலும் இன்ஜின் சூடும் உள்ளே வராமல் தடுக்க அந்தக் காலத்தில் யாரும் மெனக்கெடவில்லை.

அப்பா வாங்கிய 1993 டாடாமொபைல் 206 இன்னும் ஓடுகிறது. வாழைத்தார் ஏற்றிக் குமுளி வரை போகிறேன். ஏசி மாட்டினால் இன்ஜின் தாங்குமா? — தேனி வாசகர்

தாங்கும். உங்கள் வண்டியில் இருப்பது 1,948 சிசி டீசல் இன்ஜின், டர்போ கிடையாது, குதிரைத்திறன் எழுபதுக்கும் கீழே. ஏசி கம்ப்ரசர் (இன்ஜின் பெல்ட்டில் சுற்றிக் கேஸை அழுத்தும் பம்ப்) முழு வேலை செய்யும்போது அதில் மூன்று முதல் ஐந்து வரை எடுத்துக்கொள்ளும். சமவெளியில் இது தெரியாது. தார் ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது நன்றாகவே தெரியும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆக்சிலரேட்டர் பெடலுக்கு அடியில் ஒரு சின்ன மைக்ரோ சுவிட்ச் வைத்து, பெடலை முழுக்க மிதித்தால் கம்ப்ரசரை இன்ஜினோடு இணைக்கும் கிளட்ச் விடுபடும்படி ஒயர் கொடுக்கச் சொல்லுங்கள். வளைவில் இழுவை தேவைப்படும் அந்த அரை நிமிடம் கம்ப்ரசர் சும்மா இருக்கும். கேபினுக்குள் காற்றை ஊதும் புளோயர் ஓடிக்கொண்டே இருப்பதால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. 1991-இல் வந்த டாடா சியராவும் அதன் பின் வந்த எஸ்டேட்டும் இதே இன்ஜினில் ஓடியவை, கம்பெனி ஏசியோடு வந்தவை. அதனால் கம்ப்ரசரை இன்ஜினில் தாங்கும் பிராக்கெட், பெல்ட் ஓடும் கிராங்க் புல்லி இரண்டையும் முதலில் காயலான் கடையில் சியராவிலிருந்து தேடுங்கள். கிடைக்காவிட்டால்தான் லேத் பட்டறை. அங்கேயும் ஆங்கிள் இரும்பை வெட்டி ஒட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். டீசல் இன்ஜினின் அதிர்வில் அந்த வெல்டிங் விரிசல் விடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 10 மில்லிமீட்டர் தகடு, நான்கு போல்ட், பெல்ட் இறுக்க ஒரு திருகு. இவ்வளவும் இருந்தால்தான் அதற்குப் பெயர் பிராக்கெட். மாட்டியதும் ஒரு நேரான ஸ்கேலைப் புல்லிகளின் முகத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் பெல்ட் ஓரம் தின்னும்.

ஆனால் கம்ப்ரசரைத் தேடப் போகுமுன் ரேடியேட்டரைக் கழற்றுங்கள். ஏசியின் கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் உட்காரும். கேபினிலிருந்து எடுத்த சூட்டையெல்லாம் ரேடியேட்டரின் முகத்தில் விடும். முப்பது வருட மண் அடைத்த ரேடியேட்டர் இன்றைக்கு மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஓடுகிறது. கண்டன்சர் வந்தால் கொதித்துவிடும். உள் குழாய்களைக் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும், ஃபேனைச் சுற்றியுள்ள ஷ்ரவுடு முழுதாக இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் வால்வை யாராவது எடுத்து எறிந்திருந்தால் (நம் ஊரில் பாதி வண்டியில் அதுதான் நிலை) புதிதாகப் போடுங்கள். ‘வால்வை எடுத்தால் இன்ஜின் சூடாகாது’ என்பது தவறு. தண்ணீர் நிற்காமல் ஓடுவதால் காலையில் இன்ஜின் சூடேறவே நேரமாகும், டீசல் வீணாகும், அழுக்கேறிய ரேடியேட்டரும் அப்படியேதான் இருக்கும்.

என் பழைய மஹிந்திரா பிக்கப்பில் போன மாதம் ஏசி மாட்டினேன். காலையில் நன்றாகக் குளிர்கிறது. மதியம் காட்பாடி நெரிசலில் நின்றால் வெறும் காற்றுதான். மெக்கானிக் இரண்டு முறை கேஸ் ஏற்றிவிட்டார். — வேலூர் வாசகர்

இனி கேஸ் ஏற்ற விடாதீர்கள். ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே விடுகிறது. காலையில் குளிர்ந்து மதியம் நின்றுவிட்டால், எடுக்கும் வேலை சரியாக நடக்கிறது, விடும் வேலைதான் நடக்கவில்லை. கேஸ் அதிகமாக இருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். அழுத்தம் காட்டும் இரண்டு கேஜையும் மாட்டி, 38 டிகிரி வெயிலில் இன்ஜினை 1,500 சுற்றில் வைத்துப் படியுங்கள். கேஸ் ஆர்-134ஏ வகை என்றால் அழுத்தம் தாழ்ந்த பக்கம் 30 முதல் 40 பிஎஸ்ஐ, உயர்ந்த பக்கம் 220 முதல் 250 வரை இருக்கலாம். உயர்ந்த பக்கம் 300-ஐத் தாண்டினால் ஒன்று கேஸ் கூடுதல், அல்லது கண்டன்சருக்குக் காற்று போதவில்லை.

காற்று என்றதும் எல்லோரும் பெரிய ஃபேன் வாங்க ஓடுகிறார்கள். முதலில் இருக்கிற ஃபேன் எந்தப் பக்கம் ஊதுகிறது என்று பாருங்கள். கண்டன்சருக்கு முன்னால் மாட்டிய ஃபேன் ரேடியேட்டரை நோக்கித் தள்ள வேண்டும். இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்திருந்தால் எதிர்த்திசையில் சுற்றும், இன்ஜின் ஃபேன் இழுக்கும் காற்றோடு சண்டை போடும். ஒரு காகிதத் துண்டைக் கிரில் முன்னால் பிடியுங்கள். உள்ளே ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்து விழுந்தால் அங்கேயே காரணம் தெரிந்துவிட்டது. அடுத்து, கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சுற்றிலும் உள்ள இடைவெளி. அதைப் பழைய ரப்பர் பட்டை வைத்து மூடுங்கள். காற்று சந்து கிடைத்தால் சந்து வழியாகத்தான் போகும், கண்டன்சர் வழியாகப் போகாது.

அப்புறம் கேபின். சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய பிக்கப் என்னிடம் வந்தது. வென்ட்டில் தெர்மாமீட்டர் வைத்தால் 8 டிகிரி, அருமையான குளிர். ஆனால் ஓட்டுபவரின் சட்டை நனைந்திருந்தது. மதிய வெயிலில் வண்டியை நிறுத்தி, கண்ணாடிகளைத் தார்ப்பாய் போட்டு மூடி, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். கண் இருட்டுக்குப் பழகியதும் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கிளட்ச் பெடல் தண்டைச் சுற்றி ஒரு பிறை வெளிச்சம். ஸ்டியரிங் கம்பி இறங்கும் இடத்தில் ஒன்று. ஒயர் போகும் துளையில் ரப்பரே இல்லை. கியர் லிவரின் உறை கிழிந்திருந்தது. இன்ஜினை ஓடவிட்டு அங்கே கையை வைத்தால் அடுப்படியில் நீட்டியது போல இருந்தது. பதினோரு துளைகள். எல்லாவற்றையும் அடைத்தபின் ஏசியில் எதையும் தொடாமலே அந்தக் கேபின் குளிர்ந்தது. நீங்களும் இதைச் செய்து பாருங்கள். வெளிச்சம் தெரியாத சந்துகளுக்கு, புளோயரை ஓடவிட்டு ஊதுபத்திப் புகையைக் கதவு ரப்பர் ஓரமாகக் கொண்டுபோனால் போதும், புகை நெளியும் இடம்தான் ஓட்டை.

கூரைத் தகட்டுக்கு உள்ளேயும் கால் வைக்கும் தகட்டின் மேலும் ஈரம் குடிக்காத ஃபோம் ஷீட் ஒட்டுங்கள். சணல் மேட் வேண்டாம். மழையில் ஈரத்தைப் பிடித்து வைத்துத் தகட்டைத் துருவாக்கிவிடும். கூரைக்கு வெள்ளைப் பெயின்ட் அடிக்கச் சம்மதமென்றால் அதுவும் நல்லது.

அமெரிக்காவில் 1954 செவ்ரோலெட் 3100 பிக்கப் ஒன்றை வாங்கிச் சரிசெய்துவருகிறேன். ஆறு சிலிண்டர், 6 வோல்ட். ஏசி கிட் வாங்கலாமா? — ஹூஸ்டன் வாசகர்

அழகான வண்டி. அதற்கு ஏசி மாட்டுவதற்கு உங்கள் டெக்சாஸ் மாநிலத்தைப் போல வசதியான இடம் வேறில்லை. பழைய வண்டிகளுக்கென்றே ஏசி செய்யும் விண்டேஜ் ஏர் நிறுவனம் சான் ஆன்டோனியோவில்தான் 1976-இல் தொடங்கியது. உங்கள் மாடலுக்கென்றே வரும் கிட்டில் பிராக்கெட் முதல் கேஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையர் வரை எல்லாம் இருக்கும். தகட்டை வெட்டும் வேலை குறைவு.

ஆனால் 6 வோல்ட்டில் இது நடக்காது. புளோயரும் கம்ப்ரசர் கிளட்ச்சும் 12 வோல்ட்டுக்குச் செய்தவை. செவ்ரோலெட் பிக்கப்புகளே 1955-இல் வந்த புது மாடலிலிருந்து 12-க்கு மாறிவிட்டன, நீங்களும் மாற்றிவிடுங்கள். பேட்டரி, பல்புகள், இக்னிஷன் காயில், ஹார்ன் மாற வேண்டும். பெட்ரோல் கேஜுக்கு முன்னால் வோல்ட்டைக் குறைக்கும் ரெசிஸ்டர் வேண்டும். டைனமோவைக் கழற்றிவிட்டுக் குறைந்தது 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போடுங்கள். புளோயர் மட்டும் முழு வேகத்தில் பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும், கண்டன்சர் ஃபேன் இன்னொரு பத்து, இரவென்றால் விளக்குகள்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கவனியுங்கள். இந்த வண்டியில் பெட்ரோல் டாங்கி சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. இத்தனை வருடம் எல்லாச் சந்திலும் காற்று புகுந்து போனதால் வாடை தெரிந்திருக்காது. நீங்கள் துளைகளை அடைத்து, கண்ணாடியை ஏற்றி, உள்காற்றையே சுழலவிடும்போது அந்த ஆவியைத்தான் சுவாசிப்பீர்கள். டாங்கியின் வாய்க்குழாய் ரப்பர், மிதவை மூடியின் கேஸ்கட், ஆவி போகும் குழாய் மூன்றையும் புதிதாக்குங்கள். வண்டியின் பின்பக்கம் சட்டத்தில் மாட்டும் டாங்கிகளும் கிடைக்கின்றன. எனக்கு அதுதான் நிம்மதி.

1989 ஹைலக்ஸ். ஜப்பானிலிருந்து வரும்போதே ஏசி இருந்தது, பல வருடமாக வேலை செய்யவில்லை. பழைய கேஸ் இப்போது கிடைப்பதில்லை என்கிறார்கள். — யாழ்ப்பாணம் வாசகர்

அது ஆர்-12. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் கைவிடப்பட்டது. நம்மைப் போன்ற நாடுகளுக்கு 2010 கடைசி வருடம். நீங்கள் ஆர்-134ஏ-வுக்கு மாற்றலாம், பிராக்கெட்டும், கேபினுக்குள் காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயிலும் கம்பெனியுடையதாகவே இருப்பதால் பாதி வேலை முடிந்த மாதிரி. கேஸை மட்டும் மாற்றி நிரப்பினால் ஒரு கோடை தாங்கும், அவ்வளவுதான். பழைய கம்ப்ரசரில் இருக்கும் மினரல் எண்ணெய் புதுக் கேஸோடு கலக்காது, திரும்பி வராமல் எங்கோ ஒரு மூலையில் தேங்கிவிடும், கம்ப்ரசர் வறண்டு பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் கழுவி எஸ்டர் எண்ணெய் ஊற்றுங்கள். மிச்சமிருக்கும் பழைய எண்ணெயை அது ஓரளவு சகித்துக்கொள்ளும். ஓ-ரிங் எல்லாம் புதிது, டிரையர் புதிது, ரப்பர் ஹோஸ் உள்படலம் உள்ள வகை. ஆர்-134ஏ பழைய ஹோஸின் சுவர் வழியாகவே கசியும். பழைய எடையில் 80 முதல் 85 சதவீதம் மட்டும் நிரப்புங்கள்.

டிரையர் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் குருணை இருக்கிறது. மூடியைக் கழற்றிய நிமிடத்திலிருந்து அது பட்டறையின் காற்றைக் குடிக்க ஆரம்பிக்கும். நானே தொழிலுக்கு வந்த புதிதில் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறேன். அந்த வண்டி நான்கே மாதத்தில் திரும்பி வந்தது, கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் வாயில் பனி அடைத்திருந்தது. கடைசியாக மாட்டும் பொருள் டிரையராக இருக்கட்டும், மாட்டிய உடனே உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சும் வேக்கம் பம்ப். 29 அங்குலம் (பாதரச அளவு) வரை இழுத்து, முக்கால் மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்தி இருபது நிமிடம் முள் நகர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த இருபது நிமிடத்தை மிச்சம் பிடிக்கும் பட்டறைக்குப் போகாதீர்கள்.

எங்கள் பக்கம் ஒருவர் பாதி விலைக்குக் கேஸ் போடுகிறார். சிலிண்டரில் 134ஏ என்றுதான் எழுதியிருக்கிறது. — திருப்பூர் வாசகர்

தயவுசெய்து போடாதீர்கள். மலிவு சிலிண்டருக்குள் இரண்டு ஆபத்து இருக்கலாம். ஒன்று, சமையல் எரிவாயு வகை. அது குளிரும், பிரமாதமாகவே குளிரும். ஆனால் கூலிங் காயில் உங்கள் முழங்காலுக்கு முன்னால், மூடிய கேபினுக்குள் இருக்கிறது. அங்கே கசிந்தால் ஒரு சுவிட்சின் பொறி போதும். இரண்டாவது இன்னும் மோசம், மெத்தில் குளோரைடு. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே தீப்பற்றும் ஒரு பொருளாக மாறும். 2011-இல் கப்பலில் போகும் குளிர்பெட்டிகள் சில இந்தக் கலப்படத்தால் வெடித்து உயிர்கள் போயின. உங்கள் கண்டன்சரும் காயிலும் அலுமினியம்தான். சின்ன கேபின் பிக்கப்புக்குத் தேவைப்படும் கேஸ் பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் கீழே. அதில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? சீல் உடையாத சிலிண்டரை உங்கள் கண்முன் திறந்து, தராசில் வைத்து ஏற்றுபவரிடம் போங்கள்.

கூரையில் மாட்டும் பேட்டரி ஏசி விளம்பரம் பார்த்தேன். கம்ப்ரசர், பெல்ட் எதுவும் வேண்டாமாம். — சேலம் வாசகர்

லாரிக்குச் சரி, அங்கே 24 வோல்ட். உங்கள் பிக்கப் 12 வோல்ட். 800 வாட் யூனிட் என்றால் ஏறத்தாழ 67 ஆம்பியர். உங்கள் பழைய ஆல்டர்னேட்டர் முழுக்கக் கொடுத்தாலே 45-ஐத் தொடாது. பேட்டரி வடிந்து நடுவழியில் நிற்பீர்கள். கூரைத் தகடும் அந்த எடைக்குச் செய்ததில்லை.

ஏசி ஓடினால் இடது பக்கம் உட்காருபவரின் காலில் தண்ணீர் சொட்டுகிறது. — மதுரை வாசகர்

கூலிங் காயில் பெட்டியின் தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கும், அல்லது மாட்டியவர் சரிவு கொடுக்காமல் விட்டிருப்பார். அடியிலிருந்து மெல்லிய ஒயரை விட்டுக் குத்துங்கள். குழாய் புகைப்போக்கிக்கு மேலே முடியக் கூடாது.

குன்னூரில் இருப்பதால் ஏசி மாதக்கணக்கில் தேவைப்படுவதில்லை. கீழே இறங்கும்போது போட்டால் கேஸ் போயிருக்கிறது. வருடா வருடம் இதே கதை. — குன்னூர் வாசகர்

கம்ப்ரசரின் தண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு சீல் இருக்கிறது. அதை நனைத்து வைப்பது கேஸோடு சுற்றும் எண்ணெய். மாதக்கணக்கில் ஓடாவிட்டால் சீல் காய்ந்து, அந்த வழியாகக் கேஸ் மெல்ல மெல்லப் போய்விடும். சீலை மாற்றிக் கேஸ் நிரப்பியபின் வாரம் ஒருமுறை, வெயில் ஏறிய நேரம் பார்த்துப் பத்து நிமிடம் ஏசியை ஓடவிடுங்கள். மழைக்காலத்தில் கண்ணாடியில் படியும் மூட்டமும் அதில் விலகிவிடும்.